கர்ப்பப்பை இல்லாத திட்டம்

கல்புக்கோ
ஏப்ரல் 4, 1997

அன்புள்ள தம்பி எலாடியோவுக்கு,

இங்கே மழையும் நாங்களும் சுகம். அங்கே நீயும் யாக்கலினும் சாந்தியாகோவின் புகையும் சுகந்தானே?

போன் செய்தால் "லைன் சரியில்லக்கா" என்று நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது. அதனால் எழுதுகிறேன்.

நீ எடுத்துக்கொடுத்த காப்பீட்டு அட்டை வந்து சேர்ந்தது. நெல்டா பார்ரியா என்று என் பெயர் பொன்னிறத்தில் பளபளக்கிறது. உன் மாமா ஓமார் அதை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே நீ ஜுரம் வந்து படுத்தாலும் பெரிய மனுஷிதான்" என்றார். அன்று முழுக்க அவருடைய வலைப் பட்டறையில் இதே பேச்சாம்.

எங்கள் மீன் தொழிற்சாலையில் எல்லோரும் இசாப்ரே என்கிற தனியார் காப்பீட்டுக் கம்பெனிகளில் ஏதாவது ஒன்றில்தான் இருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டு மணி அடித்தால் போதும், காப்பீட்டு ஏஜெண்டுகள் வாசலில் இலவசப் பேனாவும் நாட்காட்டியும் வைத்துக்கொண்டு நிற்பார்கள். உன் கம்பெனியில் உன்னையும் அப்படித்தான் நிற்கவைக்கிறார்களா? நேற்று முள் பிடுங்கும் வரிசையில் என் பக்கத்தில் நிற்கும் குளோரிந்தா தன் சம்பளச் சீட்டையும் என் சீட்டையும் ஒட்டவைத்துப் பார்த்தாள். இருவருக்கும் ஒரே வயது, ஒரே சம்பளம். ஆனால் காப்பீட்டுக்கு அவளிடம் பிடிப்பது மிக அதிகம்.

"உன் தம்பி எதையோ குறைச்சு வாங்கிக் குடுத்திருக்கான்டி. கோழி வெல குறைஞ்சா காலு இருக்கான்னு பாக்க மாட்டியா?" என்றாள்.

அந்தச் சிறு புத்தகத்தைப் படித்துப் பார்த்தேன். எழுத்து மீன் முட்டை அளவுக்கு இருக்கிறது. எலாடியோ, என் கோழியில் எது இல்லை?

இன்னொன்று. உடல்நிலை பற்றிய படிவத்தில், இரண்டு வருடமாக மாதவிலக்கில் ரத்தம் அதிகமாகப் போகிறது, தலை சுற்றுகிறது என்று நானே என் நீல மைப் பேனாவால் எழுதி உனக்கு அனுப்பினேனே, அதற்கு ஆட்சேபம் ஏதும் சொன்னார்களா? உண்மையை மறைத்தால் பிற்பாடு முகத்தில் விட்டெறிவார்கள் என்று நீதானே சொன்னாய்.

புகை போட்டுக் காயவைத்த சிப்பிச் சரம் ஒன்று பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன். பஸ் முழுக்க மணக்கும், டிரைவர் திட்டுவான். காது கேட்காதவன் மாதிரி வாங்கிக்கொண்டு போ.

யாக்கலினுக்கு என் முத்தம்.

உன் அக்கா,
நெல்டா

---

சாந்தியாகோ
ஏப்ரல் 20, 1997

பிரியமான அக்காவுக்கு,

சிப்பிச் சரத்துக்கு ஒரு முத்தம், அதை அனுப்பிய கைக்கு இரண்டு. டிரைவர் நிஜமாகவே திட்டினான். நாங்கள் இருவரும் நலம். மாமாவைக் கேட்டதாகச் சொல்.

குளோரிந்தாவிடம் சொல், கோழி முழுசாகத்தான் இருக்கிறது என்று. முட்டை மட்டும் போடாது. எங்கள் ஆபீசில் உன் திட்டத்துக்கு ஒரு செல்லப் பெயர் உண்டு: கர்ப்பப்பை இல்லாத திட்டம். பயந்துவிடாதே, பேச்சு வழக்குதான். பிரசவச் செலவைக் கம்பெனி ஏற்றுக்கொள்ளாது, அவ்வளவுதான். மற்ற எல்லா நோய்க்கும் எல்லா ஆபரேஷனுக்கும் உண்டு. பெண்களுக்கு விலையை ஏற்றுவதே பிரசவம்தான். அதைக் கழற்றிவிட்டால் ஆண்களுக்குக் கொடுக்கும் விலைக்கே கிடைக்கும். முப்பத்தேழு வயதில் நீ தொட்டிலா வாங்கப்போகிறாய்? யோசித்துத்தான் எடுத்தேன்.

படிவம் பற்றிக் கவலைப்படாதே. எல்லாம் நான் பார்த்துக்கொண்டேன்.

இனி நல்ல செய்தி. யாக்கலின் முழுகாமல் இருக்கிறாள்! டிசம்பரில் பிரசவம். நல்லவேளை, அவளுக்கு நான் எடுத்தது கர்ப்பப்பை உள்ள திட்டம். பால்கனியோடு கூட. பிரசவ அறையில் டாக்டர் குடிக்கும் காபி வரைக்கும் கம்பெனி செலவு. மாத இலக்கை எட்டிப் பிடிக்கத்தான் நாக்குத் தள்ளுகிறது. ஒரு ஆள் குறைந்தாலும் சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான்.

அத்தையாகப் போகிறாய். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
எலாடியோ

---

கல்புக்கோ
ஜூன் 2, 1997

அன்புள்ள எலாடியோவுக்கு,

யாக்கலினின் செய்தி கேட்டு ஓமார் ஒரு பாட்டில் சிச்சா மதுவைத் திறந்தார். அவள் நன்றாகச் சாப்பிடுகிறாளா? வாந்தி நின்றதா? நான் பின்னத் தொடங்கிவிட்டேன்.

உனக்கு மட்டும் கொஞ்சம் காரமாக எழுத வேண்டியிருக்கிறது. நான் தொட்டில் வாங்குவேனா மாட்டேனா என்பதை உன் ஆபீசில் உட்கார்ந்து யார் முடிவு செய்தது? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? உன் கடிதத்தை இரவு உணவின்போது சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தேன். அந்த வரி வந்ததும் ஓமார் ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதை நிறுத்திவிட்டார். போன மாதம் அவர் சின்ன அறைக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தார். வலை போட்டுவைக்கும் அறைக்கு எதற்கு மஞ்சள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எனக்குக் குழந்தை வேண்டும், எலாடியோ. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ரத்தப்போக்கு தாங்காமல் புவேர்த்தோ மோன்த் போய் டாக்டர் ஒயார்சூனைப் பார்த்தேன். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா திரையைக் காட்டிச் சொன்னார்:

"கர்ப்பப்பைல கட்டி மூணு இருக்கு. இப்பவே பண்ணினா கட்டிய மட்டும் எடுத்துட்டு பைய விட்டுடலாம். தள்ளிப்போட்டா ரத்தம் போய்ட்டேதான் இருக்கும். அப்புறம் பையோட எடுக்க வேண்டி வரும்."

"பை நின்னா..." என்று இழுத்தேன்.

"நின்னா முயற்சி பண்ணலாம். முப்பத்தேழு ஒண்ணும் கடைசி பஸ் இல்லம்மா."

வெளியே வந்து கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து மழையில் நனைந்துகொண்டே அழுதேன். சந்தோஷத்தில்தான்.

ஜூலையில் ஆபரேஷன். செலவை ஏற்பதாகக் கம்பெனியிடம் அனுமதிச் சீட்டு வாங்கிவரச் சொன்னார்கள். பிரசவம் தவிர எல்லாம் உண்டு என்று எழுதியிருந்தாய். இது பிரசவம் இல்லை. உண்டுதானே? உடனே பதில் போடு.

உன் அக்கா,
நெல்டா

---

சாந்தியாகோ
ஜூன் 21, 1997

பிரியமான அக்காவுக்கு,

உன் உடம்பு பற்றிக் கேட்டு மிகவும் வருந்தினேன். யாக்கலின் சுகம், வாந்தி நின்றுவிட்டது. தொட்டில் பற்றி நான் எழுதியது விளையாட்டுக்கு. மனதில் வைத்துக்கொள்ளாதே.

நீ சொல்வது சரி, கட்டி என்பது பிரசவம் இல்லை. ஆனால் அவசரப்பட வேண்டாம் என்று எனக்குப் படுகிறது. டாக்டர்கள் கத்தி எடுக்கத்தான் பார்ப்பார்கள். வேறொருவரையும் பார். காஞ்சொறி இலைக் கஷாயம் ரத்தத்தை நிறுத்தும் என்று இங்கே ஒரு அம்மா சொன்னார். ஜனவரி வந்தால் உன் ஒப்பந்தத்துக்கு ஒரு வருடம் ஆகிவிடும். அப்போது உட்கார்ந்து திட்டத்தை முழுசாக மறுபரிசீலனை செய்து, இதைவிட நல்ல ஒன்றுக்கு நானே மாற்றிவிடுகிறேன். அதுவரை பொறுத்துக்கொள்ள முடியாதா?

கிளை அலுவலகத்துக்கு நீயாகப் போக வேண்டாம். அங்கே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நான் இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறேன்.

குளிர் அதிகமா? கம்பளிச் சாக்ஸ் போட்டுக்கொள்.

உன் தம்பி,
எலாடியோ

---

கல்புக்கோ
ஜூலை 11, 1997

எலாடியோவுக்கு,

யாக்கலின் நலமா? நான் நலமில்லை.

கிளை அலுவலகத்துக்குப் போனேன். போகாதே என்று நீ எழுதியதாலேயே போனேன். கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஒரு அம்மாள் கவுண்டரில் இருந்தார். டாக்டர் கொடுத்த காகிதத்தைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இந்த ஆபரேஷனுக்கு அனுமதி குடுக்க முடியாதும்மா."

"ஏன்?"

"உங்களுக்குத்தான் அது இல்லையே."

"எது இல்ல?"

குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கர்ப்பப்பை" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது திட்டத்தோட பேருங்க. எனக்கு இருக்கு."

"திட்டத்துல மட்டும் இல்லம்மா. உடம்புலயும் இல்ல. தொண்ணூத்தி நாலுலயே ஆபரேஷன் பண்ணி எடுத்தாச்சுன்னு நீங்களே எழுதிக் கையெழுத்து போட்டிருக்கீங்க."

"அப்ப ரெண்டு வருஷமா போற ரத்தம் எங்கேருந்து வருது? உங்க ஆபீஸ்லேருந்தா?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "இருக்குன்னு அந்தம்மாதான் சொல்லுதே. அதுக்குத் தெரியாதா?" என்றார். "பேப்பர்ல இல்லையே ஐயா" என்று கவுண்டர் அம்மாள் அவருக்குப் பொறுமையாக விளக்கினார். என் கர்ப்பப்பையைப் பற்றி ஊரே கூடிப் பேசியது, எலாடியோ. நான் ஈர பூட்ஸோடு நடுவில் நின்றேன்.

பிறகு படிவத்தைத் திருப்பிக் காட்டினார். கறுப்பு மை. நான் எழுதிய நீல மைக் காகிதம் இல்லை அது. கீழே என் பெயர், பார்ரியாவின் கடைசி எழுத்துக்கு ஒரு வால். அப்பாவின் கையெழுத்தை உன் மார்க் அட்டையில் நீயே போட்டுக்கொள்வாயே, அதே வால்.

அது நீ போட்ட கையெழுத்து என்று கவுண்டரில் நான் சொல்லவில்லை. உன் வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

நான் எழுதிய உண்மையோடு அனுப்பியிருந்தால் கம்பெனி என்னைச் சேர்த்திருக்காது. உனக்கு மாத இலக்கில் ஒரு ஆள் குறைந்திருக்கும். பை இல்லை என்று எழுதிவிட்டால் ரத்தமும் இல்லை, மலிவான திட்டத்துக்குக் காரணமும் கிடைத்துவிட்டது. இதுதானே நடந்தது? இதை நீ உன் வாயால் எனக்குச் சொல்ல வேண்டும்.

கிளைத் தலைவரிடம், ஏஜெண்ட் தப்பாக எழுதியிருந்தால் என்ன செய்வது என்று மட்டும் கேட்டேன். "அந்த ஏஜெண்டே நோட்டரி முன்னாடி எழுதிக் குடுத்தா ரெண்டு வாரத்துல திருத்திடலாம். இல்லேன்னா வழியே இல்ல" என்றார். ஒரே ஒரு பக்கம், எலாடியோ. என் அக்காவுக்குக் கர்ப்பப்பை இருக்கிறது, இல்லை என்று எழுதியது நான். இவ்வளவு எழுதினால் போதும்.

டாக்டரம்மா ஆகஸ்ட் கடைசி வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

நெல்டா

---

சாந்தியாகோ
ஜூலை 30, 1997

பிரியமான அக்காவுக்கு,

நீயும் மாமாவும் நலமாக இருக்க வேண்டுமென்று ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே இந்த வருடம் புகை மிக மோசம். பள்ளிக்கூடங்களைக்கூட மூடிவிட்டார்கள். யாக்கலினை வெளியே விடுவதில்லை. ஸ்கேனில் குழந்தை கையை ஆட்டிக் காட்டியது. டாக்டர் ஆண் என்கிறார், யாக்கலின் பெண் என்கிறாள்.

நீ எழுதிய விஷயத்தைப் பற்றி: கம்பெனியில் ஆயிரக்கணக்கான படிவங்கள் தட்டச்சாகின்றன, எங்கேயோ கலந்துபோயிருக்கலாம். விசாரித்துக்கொண்டிருக்கிறேன். தயவுசெய்து அரசின் காப்பீட்டு மேற்பார்வை அலுவலகத்துக்குப் புகார் எதுவும் எழுதிவிடாதே. எழுதினால் விஷயம் சிக்கலாகிவிடும். இந்த மாதம் இங்கே ஆட்குறைப்பு நடக்கிறது. என்னை நம்பு, அக்கா.

இரும்புச் சத்து மாத்திரை இரண்டு டப்பா அனுப்பியிருக்கிறேன். சாப்பிட்ட பின் போட்டுக்கொள்.

எலாடியோ

---

கல்புக்கோ
ஆகஸ்ட் 25, 1997

எலாடியோ,

மாத்திரை வந்தது. காகிதம் வரவில்லை.

தட்டச்சில் கலந்துபோனதாம்! தட்டச்சு இயந்திரம் வால் போடுமா? யாரிடம் கதை விடுகிறாய்? உனக்கு மூக்கு துடைத்துவிட்டவளிடமா?

நீ விசாரிக்கும்வரை சும்மா இருக்க முடியாமல் என் ஸ்கேன் படத்தைக் கம்பெனிக்கு அனுப்பினேன். படத்தைப் பார்த்தால் நம்புவார்கள் என்று நினைத்தேன். பதில் வந்தது, மிக மரியாதையான பதில். எனக்குக் கர்ப்பப்பை இருப்பது உண்மையானால் படிவத்தில் நான் பொய் சொல்லியிருக்கிறேனாம், ஒப்பந்தத்தையே ரத்து செய்வார்களாம். இருந்தால் நான் பொய்க்காரி. இல்லாவிட்டால் ஆபரேஷன் தேவையில்லை. எப்படிப்பட்ட மூளைகளோடு வேலை செய்கிறாய் நீ! உனக்கு அங்கே பதவி உயர்வு நிச்சயம்.

அரசு ஆஸ்பத்திரியிலும் கேட்டுப் பார்த்தேன். இந்த ஒப்பந்தம் ஜனவரியில் முடிந்த பிறகுதான் அவர்கள் பக்கம் சேர முடியும், அதற்கு மேல் வரிசையும் நீளம் என்றார்கள். தனியார் ஆஸ்பத்திரியில் நாங்களே கட்டுவதென்றால் வீட்டை விற்க வேண்டும். ஓமார் விற்கலாம் என்கிறார். நான் விடவில்லை. ஒரு பக்கம் எழுத உனக்குச் சோம்பல் என்பதற்காக நாங்கள் தெருவில் நிற்க வேண்டுமா?

சாந்தியாகோவுக்கு வந்து உன் மூக்கை உடைப்பதாகவும் ஓமார் சொல்கிறார். அதையும் நான்தான் தடுத்துவைத்திருக்கிறேன். ரொம்ப நாளைக்குத் தடுக்க மாட்டேன்.

வேலை செய்யும்போது வெள்ளை ரப்பர் பூட்ஸுக்குள் ரத்தம் இறங்குகிறது. மீன் ரத்தத்தோடு சேர்த்துக் கழுவிவிடுகிறேன். யாருக்கும் தெரிவதில்லை.

எழுது.

நெல்டா

---

சாந்தியாகோ
செப்டம்பர் 22, 1997

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் சுகமா? தேசியத் திருநாள் உங்கள் பக்கம் எப்படி இருந்தது? நான் நன்றாக இருக்கிறேன். வயிறு மட்டும் எனக்கு முன்னே நடக்கிறது.

இந்தக் கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியாது. உங்கள் கடிதம் வந்தால் முன்பெல்லாம் எனக்கு வாசித்துக் காட்டுவார். இப்போது குளியலறைக்கு எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். திருநாளன்று எம்பனாதா வாங்கிவந்தார், ஒரு வாய் சாப்பிடவில்லை. "அக்காகூட சண்டையா?" என்று கேட்டேன். "அவங்களுக்கு உடம்பு சரியில்ல, அவ்ளோதான்" என்றார். உங்களுக்கு என்ன உடம்புக்கு, அண்ணி? எனக்கு மட்டும் ஏன் யாரும் சொல்வதில்லை?

இன்னொரு விஷயம். எங்கள் குழந்தைக்கு நீங்கள்தான் ஞானத்தாய் என்று நான் முடிவு செய்துவிட்டேன். மாட்டேன் என்று சொல்லக் கூடாது.

உங்கள்,
யாக்கலின்

---

கல்புக்கோ
அக்டோபர் 3, 1997

அன்புள்ள யாக்கலினுக்கு,

உன் கடிதம் கிடைத்ததில் சந்தோஷம். நாங்கள் இருக்கிறோம். திருநாளன்று பயங்கர மழை, கொடி கம்பத்தோடு ஒட்டிக்கொண்டது.

எனக்கு வந்திருப்பது பெண்களுக்கு வரும் சாதாரணத் தொந்தரவு. பிள்ளைத்தாச்சி இதையெல்லாம் நினைத்துக் குழம்பக் கூடாது. காலை உயர்த்தி வைத்துப் படு, நிறையத் தண்ணீர் குடி. சின்னச் சட்டை இரண்டும் குல்லா ஒன்றும் அனுப்பியிருக்கிறேன். மஞ்சள் நிறத்தில் பின்னியிருக்கிறேன், ஆணானாலும் பெண்ணானாலும் போடலாம். கம்பளி என்னிடம் ஏற்கெனவே இருந்தது.

உன் புருஷனிடம் நான் ஒரு பக்கக் காகிதம் ஒன்று கேட்டிருந்தேன். ஒருவேளை எழுதிவிட்டுத் தபாலில் போட மறந்திருப்பான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு எதையும் சட்டைப் பையில் வைத்து மறக்கும் பழக்கம். துணி துவைக்கும்போது பையைப் பார்த்துவிட்டுத் துவை.

ஞானத்தாய் விஷயம் பிறகு பேசலாம்.

அன்புடன்,
நெல்டா

---

சாந்தியாகோ
அக்டோபர் 14, 1997

அக்கா,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கக் கை வரவில்லை.

நோட்டரி முத்திரையோடு காகிதம் இதனுடன் இருக்கிறது. செப்டம்பர் 17 என்று தேதி இருப்பதைப் பார்ப்பாய். அன்றே எழுதிவிட்டேன். அன்றிலிருந்து கோட்டுப் பையில்தான் இருந்தது. தினமும் காலையில் தபாலாபீஸைத் தாண்டித்தான் ஆபீசுக்குப் போகிறேன். தினமும் சாயங்காலம் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பேன். குழந்தை பிறந்த பிறகு போடலாம் என்றும் நினைத்தேன். வேலை போனால் யாக்கலினின் பிரசவக் காப்பீடும் போய்விடும், அக்கா. அதைத்தான் யோசித்தேன், வேறெதையும் யோசிக்கவில்லை.

ஆமாம், நான்தான் எழுதினேன். ஜனவரி கடைசி நாள், ஒரு ஆள் குறைந்தது. உன் படிவத்தைச் சூப்பர்வைசர் திருப்பி எறிந்தான். "உங்க அக்காவுக்கு இனிமே எதுக்குடா அது? இல்லேன்னே எழுதிடு" என்று சிரித்தான். நானும் சிரித்துக்கொண்டே எழுதினேன்.

நேற்று யாக்கலின் கோட்டைத் துவைக்க எடுத்தாள்.

எலாடியோ

அண்ணி, தபால்தலை ஒட்டியது நான். கூடவே நடந்துபோய்ப் பெட்டியில் போடுவதும் நான்தான். என் பிரசவத்தைக் காரணம் காட்டி இப்படிச் செய்தான் என்று நினைக்கவே உடம்பு கூசுகிறது. யாக்கலின்.

---

கல்புக்கோ
அக்டோபர் 27, 1997

எலாடியோ,

உன் கடிதம் வந்தபோது நான் வீட்டில் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று ஓமார் அதைப் படுக்கையில் கொண்டுவந்து கொடுத்தார்.

அக்டோபர் 13ஆம் தேதி, யாக்கலின் உன் கோட்டுப் பையில் கைவிட்ட அதே நாள், முள் பிடுங்கும் வரிசையில் நான் விழுந்துவிட்டேன். குளோரிந்தா என் பூட்ஸைக் கழற்றியிருக்கிறாள். தலைகீழாகப் பிடித்ததும் கொட்டியதைப் பார்த்து அவள் போட்ட கூச்சலில் இயந்திரங்களை நிறுத்தியிருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. அங்கே யாரும் என் திட்டத்தின் பெயரைக் கேட்கவில்லை. ரத்தப் பிரிவு என்னவென்று மட்டும் கேட்டார்களாம்.

கண் விழித்தபோது எனக்குத் தெரியாத ஒரு டாக்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இளம் பெண். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உயிரக் காப்பாத்த வேற வழி இல்லம்மா. பையோடதான் எடுத்தோம். முன்னாடியே வந்திருந்தீங்கன்னா..." என்றார். மூன்று மாதம் முன்பே வந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். தண்ணீர் மட்டும் கேட்டேன்.

உன் காகிதத்தை இரண்டு முறை படித்தேன். "என் சகோதரி நெல்டா பார்ரியாவுக்குக் கர்ப்பப்பை உள்ளது, இல்லை என நான் எழுதியது பொய்" என்று அழகாக எழுதியிருக்கிறாய். பிழையே இல்லை. முத்திரையும் நேராக விழுந்திருக்கிறது. உன் ஆயுசில் நீ எழுதிய ஒரே உண்மைக் காகிதம் இது. கல்புக்கோ வந்து சேர்வதற்குள் அது பொய்யாகிவிட்டது. ஜனவரியில் நீ எழுதிய பொய்தான் இப்போது உண்மை. வருடத்தை மட்டும் திருத்தினால் போதும்.

இந்தக் காகிதத்தைக் கம்பெனியிடம் கொடுக்கப்போவதில்லை. மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. மன்னிக்கவில்லை. பொய்க் காகிதம் கொடுத்து ஆபீசை ஏமாற்ற நான் நீ இல்லை, அதனால்தான். உன் வேலை உன்னிடமே இருக்கட்டும். யாக்கலினின் பிரசவம் நல்லபடி நடக்கட்டும், டாக்டர் காபி குடிக்கட்டும்.

ஜனவரியில் என் திட்டத்தை மறுபரிசீலனை செய்து தருவதாக எழுதியிருந்தாய். வேண்டாம். இப்போது அது எனக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது.

சின்ன அறையில் ஓமார் வலைகளைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். உன் மூக்கை உடைக்க வருவதாக இப்போதெல்லாம் சொல்வதுமில்லை. அவர் கத்திக்கொண்டிருந்தால் எனக்குத் தேவலாம்.

ஞானஸ்நானத்துக்கு வருவேன். யாக்கலின் கேட்டாள், அவளுக்காக வருவேன். கோயிலில் பிள்ளையை என் கையில் அவள் கொடுக்கட்டும், நீ கொடுக்காதே.

நலமா என்று கேட்டு இனி எழுதாதே. கேட்டால் சொல்லிவிடுவேன்.

நெல்டா பார்ரியா